ஒரு செராமிக் பட்டறைக்கே வாரிசான என் மகன்

நிரப்பி அனுப்பும் படிவம் ஒன்றை ஆன்லைனில் போடும்போது, எப்படி நிரப்புவது என்று காட்ட மாதிரி ஒன்றையும் சேர்த்து வைக்கலாமா, கூடாதா? இப்படிப் படிவம் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. மாதிரி வைக்காவிட்டால், பிறந்த தேதிக் கட்டத்தில் பிறந்த ஊரை எழுதி அனுப்புகிறார்கள். வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த மாதத்தோடு நான் நம் இ-சேவை மையத்திலிருந்து நின்றுகொள்கிறேன். ஓய்வு பெறும் வயதா என்று கேட்டால் இல்லை. இரண்டாவது குழந்தை வந்த பிறகு, மையத்தில் இருக்கும்போது வீட்டு நினைப்பும் வீட்டில் இருக்கும்போது மையத்து நினைப்புமாக இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறேனோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. என் நாற்காலியில் உட்காரப்போவது புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும். மையத்தை நடத்தும் அண்ணன், "போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, புதுசா வந்ததுங்களுக்கு உதவும்" என்றார். பெண்ணாடத்திலும் திட்டக்குடியிலும் இதே வேலை பார்க்கும் நம் வாட்ஸ்அப் குரூப் தங்கைகளும் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். லிங்க் எப்படிச் செய்வது, எந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்குவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட வேகமாக வருகிறது. அதை எழுதி உங்களைக் கொட்டாவி விட வைக்கமாட்டேன்.

நான் சேர்ந்தபோது விருத்தாசலத்தில் எல்லா மையங்களிலும் வேலை ஒரே மாதிரிதான் நடந்தது. ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாம் கேட்போம். பக்கத்தில் பஸ் போகிற சத்தத்தில் அவர்களுக்குக் கேட்காது. அதனால் கத்திக் கேட்போம். "புருஷன் பேரு என்னா? இருக்காரா, இல்லையா?" வரிசையில் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அப்புறம் போனிலேயே நிரப்பி அனுப்பும்படி படிவம் செய்து லிங்க் அனுப்ப ஆரம்பித்தேன். வந்த பதில்களைச் சரிபார்த்து, அரசுத் தளத்தில் ஏற்றுவது மட்டும் என் வேலை. கூட்டம் குறைந்ததில் அண்ணனுக்குச் சந்தோஷம். மகன் கவினுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண்களுக்கு தொழிலாளர் நலவாரிய அட்டை எடுத்துத் தரும் வேலை வந்தது. சமுதாயக் கூடத்தில் முகாம் நடத்த நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கு அதிகாரி வந்து, நாம் முன்கூட்டியே அனுப்பியதைச் சரிபார்த்து, அங்கேயே அட்டை கொடுப்பார். அதைப் பற்றிப் பேச இரண்டு பெண்கள் மையத்துக்கு வந்தார்கள். ஒருவர் பட்டறையின் மேஸ்திரி. எல்லோரும் மேஸ்திரி அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் மேஸ்திரி அக்காதான். இன்னொருவரை அமலா என்று வைத்துக்கொள்கிறேன். அவர் பெயரையும் அவர் மகள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அமலாவின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கடலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அம்மாவிடம் நலவாரிய அட்டை இருந்தால்தான் படிப்புக்கான உதவிக்கு விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் முகாம் முடிந்த கையோடு வந்துவிடும். மற்ற பெண்கள் இந்த முகாமை விட்டால் அடுத்த முகாமில் வாங்கிக்கொள்ளலாம். அமலாவுக்கு அடுத்த முகாம் கிடையாது.

"ஸ்டெல்லா அப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

"திருப்பூர்ல இருக்குறாரு மேடம். பொங்கலுக்கு வருவாரு."

"ஆமா, ஆமா, வருவாரு" என்றார் மேஸ்திரி அக்கா.

அமலா தண்ணீர் குடிக்க வெளியே போனதும் மேஸ்திரி அக்கா கண்ணாடிக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "போனவரு போனவருதான். ஸ்டெல்லா பாவாடை கட்டிக்கிட்டு இருக்கும்போது போனாரு. வருசா வருசம் பொங்கலுக்கு வருவாருன்னு இது சொல்லும், நாங்களும் தலையாட்டிக்குவோம். நீங்களும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. ஆனால் என் படிவம் கேட்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படிவத்துக்குத்தான் முதன்முதலாக ஒரு மாதிரி தயாரித்தேன். இல்லாத ஆளின் பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை. அரசாங்கத்துக்குப் போகும் படிவத்தில் பொய்யாக எதையாவது எழுதினால், அது வெறும் மாதிரியாகவே இருந்தாலும், பின்னால் ஏதாவது வந்து நிற்குமோ என்று பயம். அதனால் என் விவரத்தையே போட்டேன். கணவர் பெயர் சரவணன். வாரிசுதாரர் பெயர் கவின். உறவு, மகன். அதைப் படம் எடுத்து, லிங்க்கோடு சேர்த்து மேஸ்திரி அக்காவுக்கு அனுப்பினேன்.

முகாமுக்கு முந்தைய நாள் காலையில் எல்லாருடைய பதில்களும் வந்துவிட்டன. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை. முதல் படிவத்தைத் திறந்தேன். வாரிசுதாரர் கவின், மகன். இந்தப் பெயர் இப்போது நிறையப் பேர் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதைத் திறந்தேன். கவின், மகன். மூன்றாவதிலும் கவின். மருந்துக் கடையில் வேலையில் இருந்த என் கணவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, நம்ம கவின் பேர்ல யாரோ ஏதோ பண்றாங்க. நலவாரியத்துல பூரா அவன் பேரு வருது. போலீஸுக்குப் போகணுமா?"

"நம்ம பையனுக்கு இன்னும் டவுசர் பட்டன் போடத் தெரியாது. அவன் என்னத்த பண்ணியிருக்கப் போறான்? நீ எதையாச்சும் அனுப்புனியா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு மாதிரி ஞாபகம் வந்தது.

பட்டறைக்கு நேரில் போவதைத் தவிர வேறு வழி இல்லை. முகாம் மறுநாள். வேலை நேரத்தில் அவர்கள் போனை எடுக்கமாட்டார்கள். கை முழுக்க வண்ணம். பால்வாடி விட்டு வந்த கவினையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

கொலு சீசனுக்கு முந்தைய மாதங்கள் அவை. உள்ளே நுழைந்தால் தரை முழுவதும் தவழும் கிருஷ்ணர்கள். வரிசை வரிசையாக ஒரே பக்கம் பார்த்துத் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு அச்சைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு கிருஷ்ணரை மட்டும் உயரத்தில் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் வண்ணம் தீட்டினார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை தலையைத் தூக்கி அந்த நடுப் பொம்மையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

"வாங்க மேடம். எல்லாம் கரெக்டா வந்துச்சா?" மேஸ்திரி அக்காவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "நானே கூட இருந்து போட வெச்சேன். நீங்க அனுப்புன சாம்பிள போன்ல வெச்சு, போன இந்த அச்சு மேல சாச்சு வெச்சுட்டேன். ஒரு எழுத்து பிசகக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"அதான்க்கா பிரச்சன. பிசகவே இல்ல."

"அப்ப நல்லதுதானே?"

கவினைக் கீழே இறக்கிவிட்டேன். "அக்கா, இவன்தான் கவின்" என்றேன்.

மேஸ்திரி அக்கா கவினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்தக் கவினு?"

"உங்க எல்லாருக்கும் வாரிசா போட்டிருக்கீங்களே, அந்தக் கவினு."

மூலையில் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். தூரிகையைக் கீழே வைக்காமல் சிரித்ததில் ஒரு கிருஷ்ணருக்கு நெற்றியில் இருக்க வேண்டிய நாமம் காது வரை போய்விட்டது.

"அடியே, கவர்மென்ட்டு குடுத்த புள்ளன்னு நெனச்சேன்டி நானு."

"எனக்கு மூணு பொண்ணு. பையன் இல்லாத கொறைய கவர்மென்ட்டு தீத்து வெச்சிருச்சு."

"வாய்யா வாரிசு, வந்து உன் சொத்தப் பாத்துக்க" என்று ஒருவர் கவினிடம் ஒரு கிருஷ்ணரை நீட்டினார். கவின் இரண்டு கையாலும் வாங்கி அதன் தலையைக் கடித்தான்.

சிரிப்பு அடங்கியதும் மேஸ்திரி அக்கா விளக்கினார். முந்தைய வருடம் ஒரு சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிட்டதாம். எல்லாப் பொம்மைக்கும் திருஷ்டிப் பொட்டு இடது கன்னத்தில் இருக்க, யாரோ ஒருவர் தன் வரிசைக்கு மட்டும் வலது கன்னத்தில் வைத்துவிட்டார். வாங்கியவர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சாம்பிளில் இருப்பதை அப்படியே போடுவதுதான் அந்தப் பட்டறையில் சட்டம். "பேரு, அட்ரஸ், வூட்டுக்காரரு பேரு கட்டத்துல 'உங்கள்'னு போட்டிருந்தீங்க. அத அவங்கவங்களோடத போடச் சொன்னேன். மீதியில அந்த வார்த்த இல்ல. அப்ப அது மாறாததுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். அவர் சொன்னது தப்பு என்று சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. நலவாரியத்திடம் போய்ச் சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்தேன். போனில் ஒவ்வொரு படிவமாகத் திறந்து, சத்தமாகப் படித்து, அவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தினேன். கை வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னார்கள். "வாரிசு எம் பொண்ணு தேவி." "எங்க வூட்டுக்காரரையே போடுங்க, கோச்சுக்குவாரு." ஒவ்வொரு முறையும் கவின் பெயரை எடுக்கும்போது, "போச்சுடா, ஒரு சொத்து போச்சு" என்று அவனைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார்கள். இப்படி ஒரு வேலை நாள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்து சங்கீதாவின் படிவம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த, கல்யாணமாகாத பெண். நான் யோசிக்காமல் படித்துவிட்டேன். "கணவர் பெயர்... சரவணன்."

"யாருடி சரவணன்? சொல்லவே இல்ல?"

"சாம்பிள்ல இருந்துச்சுக்கா. நான் என்ன பண்ணட்டும்" என்றாள் சங்கீதா, முகத்தைப் பொம்மைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"சரவணன் எங்க வூட்டுக்காரரு" என்று நான் சொன்னதும் கூரை பறந்துவிடும்போல் ஆனது.

"மேடம், பட்டறையில உங்களுக்கு சக்களத்தி இருக்குறாங்க, தெரியாம வந்துட்டீங்களே."

"சங்கீதா, அக்கா கால்ல விழுந்துரு. பெரிய வூட்டுக்காரங்க."

சங்கீதாவும் சிரித்தாள். அவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஊரில் யார் பெயரைச் சேர்த்துக் கேலி செய்தாலும் சாயங்காலம் மறந்துபோகும்.

அடுத்த படிவத்தைத் திறந்தேன். அமலாவுடையது. கணவர் பெயர், சரவணன். கணவரின் அடையாள அட்டை எண் கட்டத்தில் நான் மாதிரியில் போட்டிருந்த என் கணவரின் எண்.

தலையைத் தூக்கினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வேடிக்கைக்குக் காத்திருக்கும் முகங்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அமலா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கிருஷ்ணரின் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தீட்டிய கண் அது. அதன் மேலேயே திரும்பத் தீட்டினார்.

எனக்கு அப்போது கிடைத்தது ஒரு மூச்சு விடும் நேரம்தான். படித்தால் சிரிப்பார்கள். சிரித்த பிறகுதான், இது சிரிக்கக்கூடாத இடம் என்று அவர்களுக்குத் தோன்றும். அதற்கு அப்புறம் அந்தப் பட்டறையில் பொங்கலுக்கு வருவார் என்று அமலாவால் சொல்லவே முடியாது. சொன்னாலும் அவர்களால் தலையாட்ட முடியாது.

"இது ஓப்பன் ஆக மாட்டேங்குது. நெட்டு போயிடுச்சு போல" என்றேன். "மத்தத மையத்துல போயிப் பாத்துக்குறேன்."

அமலா தலை நிமிராமலே சொன்னார். "என்னோடது அப்படியே இருக்கட்டும் மேடம். பரவால்ல."

அப்படியே இருந்தால் அட்டை கிடைக்காது என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது வழியெல்லாம் அதே யோசனை. தனியாகப் போன் செய்து கேட்கலாம். ஆனால் வேலை நேரத்தில் போனை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள், "யாரு? மேடமா? என்னாவாம்?" என்று கேட்பார்கள். மையத்துக்குத் தனியாக வரச் சொன்னால், ஏன் அமலாவை மட்டும் என்று பேச்சு வரும். ஸ்டெல்லா அப்பாவின் உண்மைப் பெயரை மேஸ்திரி அக்காவிடம் கேட்டு நானே போட்டு அனுப்பலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அது அமலா சொல்ல வேண்டியது. நான் சொல்லக்கூடாது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்குச் சந்தேகம் வராத விஷயங்கள் குறைவு என்பதால் சொல்கிறேன்.

முதலில் முகாம் நடத்தும் அலுவலகத்துக்குப் போன் செய்து, கணவர் உடன் இல்லாத பெண்களுக்கு அவருடைய விவரம் தேவையா என்று கேட்டேன். தேவையில்லை, உடன் இல்லை என்று அந்தப் பெண்ணே குறித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். என் படிவத்தில்தான் அப்படிக் குறிக்க இடமே இல்லை. கல்யாணம் ஆனவரா என்று கேட்டு, ஆம் என்றால் கணவரின் எல்லா விவரத்தையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டியிருந்தேன். அந்தக் கட்டத்தை மாற்றினேன். "கணவர் உங்களுடன் இருக்கிறாரா?" என்று கேட்டு, இல்லை என்று தொட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகும்படி செய்தேன். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு காலிக் கட்டமும் வைத்தேன். மாதிரியை எடுத்துவிட்டேன்.

பிறகு அந்த லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பினேன். திருத்தி முடித்தவர்களுக்கும் சேர்த்து. படிவம் மாறிவிட்டது, அவரவர் வீட்டில் வைத்து, அவரவரே மறுபடி நிரப்பி, காலைக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதினேன்.

மேஸ்திரி அக்காவிடமிருந்து உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஏன் மேடம், மத்தியானம் பூரா ஒக்காந்து போட்டோமே, அது என்னாச்சு? உங்களுக்கு வேற வேல இல்லியா? எங்களுக்கு இருக்குது." நான் மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கோபம் தீராமல் இன்னொரு வாய்ஸ் மெசேஜ். "சாம்பிள காணோமே, எதப் பாத்துப் போடறது?" அதற்கு, உங்கள் வீட்டைப் பார்த்துப் போடுங்கள் என்று எழுதினேன். அதற்கு மட்டும் சிரிக்கும் எமோஜி ஒன்று வந்தது.

எல்லோரும் திட்டிக்கொண்டேதான் நிரப்பினார்கள். ஒருவருக்காக அத்தனை பேரையும் இரண்டு தடவை வேலை வாங்கியது நியாயமா என்று இப்போதும் தோன்றும். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் வேறு சுலபமான வழி கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த வழி அதுதான். ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டால் அவர் தனியாக நின்றுவிடுவார். எல்லோரையும் கூப்பிட்டால் அவர் கூட்டத்தில் ஒருவர்.

மறுநாள் காலை கவினுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாம் வந்துவிட்டன. அமலாவுடையது மட்டும் வரவில்லை. முகாமுக்குக் கிளம்பிப் புடவை கட்டும் நேரத்தில் வந்தது. கணவர் உங்களுடன் இருக்கிறாரா என்ற இடத்தில் இல்லை என்று இருந்தது. வாரிசுதாரர் ஸ்டெல்லா, மகள். கடைசிக் காலிக் கட்டத்தில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். அது என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன். படித்ததும் ஒரு கொசுவத்தை இரண்டு தடவை மடித்துவிட்டேன், அவ்வளவுதான் சொல்வேன். அந்த வரி அலுவலகத்துக்குத் தேவையில்லாதது. அதை விட்டுவிட்டு மற்றதை ஏற்றினேன்.

சமுதாயக் கூடத்தில் பட்டறைப் பெண்கள் எல்லோரும் நல்ல புடவை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்ததுபோல் இருந்தது. மேஜையில் அதிகாரி. பக்கத்தில் திரையைக் காட்ட நான். அவர் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, விவரத்தைச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார். அவர் மேல் தவறில்லை, கூட்டத்தில் அப்படித்தான் முடியும். அமலாவின் முறை வந்தது. பின்னாலேயே மேஸ்திரி அக்காவும் சங்கீதாவும் நின்றார்கள்.

"வீட்டுக்காரர்..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"சார், திரையிலயே இருக்குது சார்" என்று சொல்லித் திரையை அவர் பக்கம் முழுதாகத் திருப்பினேன். ஒரு அதிகாரியைப் பாதிப் பேச்சில் நிறுத்தியது அதுவே முதல் தடவை.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அமலாவைப் பார்த்தார். "பொண்ணு என்ன படிக்கிறாங்கம்மா?" என்று கேட்டார்.

"நர்சிங் சார். கடலூர்ல இடம் கெடச்சிருக்குது."

"நல்லாப் படிக்கச் சொல்லுங்க. எங்களுக்கு ஊசி போட ஆள் வேணும்" என்று சொல்லி அட்டையை நீட்டினார்.

ஸ்டெல்லாவின் விண்ணப்பத்தை அன்றைக்கே நம் மையத்தில் ஏற்றினோம். போன மாதம் லீவில் ஊருக்கு வந்தவள், என் இரண்டாவது குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட இடத்தில் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க அக்கா, இது நார்மல்" என்றாள். நானும் பயப்படாமல் இருந்தேன். மருத்துவமனையில் சொல்லியிருந்தால் மூன்று பேரிடம் கேட்டிருப்பேன்.

கவினை இப்போதும் பட்டறைப் பெண்கள் வாரிசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைத்தெருவில் பார்த்தால், "என்ன வாரிசு, பள்ளிக்கூடம் போறியா?" என்று கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். விவரம் தெரியாதவர்கள் அவனை ஏதோ பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைக்கிறார்கள். சங்கீதாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகை கொடுக்க வந்தபோது மாப்பிள்ளை பெயரை என் கணவரிடம் இரண்டு தடவை காட்டிவிட்டுப் போனாள்.

அந்த வருடப் பொங்கலுக்கு முன் பட்டறையில் யாரோ வழக்கம்போல், "அமலா, அண்ணன் வராரா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல, வரல" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேஸ்திரி அக்கா, "அப்ப நீயும் ஸ்டெல்லாவும் எங்க வூட்டுக்கு வந்துருங்க. கரும்ப திங்க ஆள் இல்ல" என்றாராம். போனார்கள். இதை எனக்குச் சொன்னவர் அமலாதான். சொல்லிவிட்டுச் சிரித்தார். இதையெல்லாம் எழுதிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதும் அதனால்தான். அவர் வரமாட்டார் என்பதில் மறைக்க இனி ஒன்றும் இல்லை என்கிறார்.

இனி நான் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

பதில்கள் எல்லாம் வந்து விழும் ஆன்லைன் கணக்கை இந்த மாதக் கடைசியில் உங்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மக்களின் விவரங்களை அழித்துவிட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அமலாவின் படிவம் மட்டும் இருக்கிறது. போன வாரம் அவரைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு கடைசியில ஒண்ணு எழுதினீங்களே, அத அழிச்சுடறேன். புதுப் பிள்ளைங்க கைக்குப் போகப்போகுது" என்றேன்.

"அழிக்காதீங்க மேடம்" என்றார்.

"பிரிண்ட் எடுத்துக் குடுத்துடட்டுமா?"

"வூட்ல எங்க வெக்கிறது? லீவுல வந்தா ஸ்டெல்லா எல்லாத்தையும் எடுத்து அடுக்குது."

"உங்க போனுக்கு அனுப்பட்டுமா?"

"வேணாம். என் கையில இருந்தா நான் அழிச்சிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அங்கதான் எழுதினேன். எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து யோசிக்கிறேன். வைத்திருந்தால் நம் தொழிலின் முதல் விதியை மீறுகிறேன். அழித்தால் அவரிடம் தலையாட்டியது பொய்யாகிறது. எடுத்து என் சொந்தப் போனில் வைத்துக்கொண்டால் அது எந்த விதியில் சேரும் என்றே தெரியவில்லை. கணவரிடம் கேட்டால் அழி என்கிறார். அண்ணனிடம் கேட்டால் வை என்கிறார். இரண்டு பேருமே அந்த வரியைப் படித்ததில்லை.

மாதக் கடைசியில் இந்தக் கணக்கைத் திறக்கப்போகிறவர்கள் நீங்கள். திறப்பதற்கு முன் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். அதை நான் என்ன செய்யட்டும்?